கைக்கெட்டும் தூரம்: கைத்துப்பாக்கியால் மான் வேட்டை, புதிதாகத் தொடங்குவோருக்கு

ஒரு மில்லிமீட்டரிலிருந்து தொடங்குகிறேன். ஏழரை அங்குலக் குழல் கொண்ட ரிவால்வரில், குறிபார்க்க உதவும் பின்குறிக்கும் முன்குறிக்கும் இடையே ஏறத்தாழ 10 அங்குலம் இருக்கும். விசையை இழுக்கும் நொடியில் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் போதும், 50 கஜத்துக்கு அப்பால் குண்டு ஏழு அங்குலம் தள்ளிப் பாயும். குறிகளுக்கிடையே 26 அங்குலம் உள்ள ரைஃபிளில் அதே தவறு மூன்று அங்குலத்துக்குள் அடங்கிவிடும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம். அதன் நடுவைக் குறிபார்ப்பவருக்கு எந்தப் பக்கமும் நான்கு அங்குலம்தான் இடம். ரைஃபிள்காரர் அந்தத் தவறோடும் மானை வீழ்த்திவிடுவார். கைத்துப்பாக்கிக்காரரின் குண்டு வயிற்றிலோ காலிலோ பட்டு, அந்த மான் எங்கோ ஒரு புதருக்குள் போய் மெல்லச் சாகும்.

இனி நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டரைச் சுற்றியதுதான். இந்த வேட்டையில் ஆர்வம் வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்று. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எத்தனை கஜத்துக்குள் நான் சுடலாம்? அதற்கான விடையைத் துப்பாக்கிக் கடைக்காரர் சொல்ல முடியாது. அவரவர் கைதான் சொல்லும்.

நான் எழுதுவது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தை வைத்து. நான் வேட்டையாடுவது அங்கேதான், எனக்குத் தெரிந்த காடும் அதுதான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மான் வேட்டை குற்றம். இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் அங்கே பொருந்தாது. அமெரிக்காவில் வாழும் தமிழர்களுக்குச் சட்டம் பற்றி ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எச்-1பி போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. உரிமம் காலாவதியானால் விலக்கும் காலாவதி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. விசாவில் இருப்பவர்கள் சுடுதளத்தில் இரவல் துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. நாட்டில் தங்கும் உரிமையையே பறித்துவிடக்கூடிய விஷயம் இது.

ஒஹாயோவின் மான்களுக்கு ஒரு கதை உண்டு. 1904 அளவில் அந்த மாநிலத்தில் ஒரு மான்கூட மிஞ்சவில்லை. காடுகளை வெட்டியதும், கணக்கு வழக்கில்லாமல் வேட்டையாடி இறைச்சியைச் சந்தையில் விற்றதும்தான் காரணம். பிறகு வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவையும், பக்கத்து மாநிலங்களிலிருந்து தாமாக வந்தவையும் பெருகின. 1943இல் மூன்றே மாவட்டங்களில் மீண்டும் வேட்டைக்காலம் திறந்தார்கள். அந்த ஆண்டு கிடைத்தவை 168 மான்கள். 1956இல் 88 மாவட்டங்களிலும் வேட்டை அனுமதிக்கப்பட்டது. இந்த மீட்சிக்குப் பணம் வந்த வழியும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1937இல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி, ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடும் கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடும் வசூலாகும் வரி, மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. நீங்கள் பயிற்சிக்கு வாங்கும் ஒவ்வொரு பெட்டித் தோட்டாவிலும் அந்தப் பங்கு இருக்கிறது. எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

இனி துப்பாக்கிக்கு வரலாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. ஒஹாயோவில் மான் வேட்டைக்கான கைத்துப்பாக்கிக்குக் குழல் ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும். தோட்டா .357 காலிபர் (அங்குலத்தில் குண்டின் விட்டம்) அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். தோட்டாவின் உலோகக் கூடு கழுத்து ஒடுங்காமல் அடியிலிருந்து வாய்வரை நேராக இருக்க வேண்டும். பக்கத்து மாநிலமான இந்தியானாவில் குழல் நான்கு அங்குலம் போதும். ஆனால் குண்டின் விட்டத்துக்கும் கூட்டின் நீளத்துக்கும் அங்கே தனி அளவு உண்டு. மாசசூசெட்ஸில் கைத்துப்பாக்கியால் மானைச் சுடவே கூடாது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை, ஆகவே அந்தந்த ஆண்டின் விதிப்புத்தகத்தை மாநில வனவிலங்குத் துறையின் இணையதளத்திலிருந்து எடுத்துப் படித்துவிட்டுத்தான் கடைக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 எம்எம் தோட்டாவுக்கான கிளாக் 20 பலர் வீட்டில் இருக்கும் துப்பாக்கி. அதன் குழல் 4.6 அங்குலம். தோட்டா தகுதி பெறும், துப்பாக்கி பெறாது. குழலை எங்கிருந்து எங்குவரை அளப்பது என்பதையும் அந்தப் புத்தகத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேட்டையின் பெயர்பெற்ற தோட்டா .44 மேக்னம். ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத் பல ஆண்டுகள் பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் கூடுதல் வெடிமருந்தை நிரப்பிச் சோதித்து, இன்னும் வலிமையான ஒன்று வேண்டும் என்று விடாமல் எழுதிவந்தார். 1955இன் இறுதியில் ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் சேர்ந்து அதைக் கொண்டுவந்தன. 240 கிரெயின் (சுமார் பதினைந்தரை கிராம்) எடையுள்ள குண்டு நீண்ட குழலிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,350 அடி வேகத்தில் வெளியேறும். சாதாரண .308 ரைஃபிளோடு ஒப்பிட்டால் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ரைஃபிள் குண்டு தன் வேகத்தால் சுற்றியுள்ள திசுவையும் சிதைக்கும். கைத்துப்பாக்கிக் குண்டு தான் போகும் வழியில் ஒரு துளையை மட்டும் போட்டுக்கொண்டு போகும். அந்தத் துளை நுரையீரலின் ஊடே போனால் மான் சில நொடிகளில் வீழும். போகாவிட்டால், கை உடையும் அளவுக்கு உதைக்கும் துப்பாக்கியானாலும் பயன் இல்லை.

இதனால்தான் புதியவர்கள் .454 கசுல், 2003இல் வந்த .500 ஸ்மித் அண்ட் வெசன் போன்ற பெரியவற்றை நாடுவதை நான் ஏற்பதில்லை. அவை கரடிக்கும் காட்டெருமைக்கும் போதுமானவை. வெள்ளைவால் மானுக்கு .44 தேவைக்கும் அதிகம். .41 மேக்னம் தாராளம். 1935இல் வந்த .357 மேக்னம் சட்டப்படி செல்லும். நல்ல குண்டோடு கிட்டத்தில் வேலையும் செய்யும். ஆனால் தவறைப் பொறுக்காது, அதனால் அதை அனுபவசாலிகளுக்கு விட்டுவிடுவேன். என் பரிந்துரை .44 மேக்னம் ரிவால்வர் ஒன்று, ஆறு முதல் எட்டு அங்குலக் குழலோடு. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. .44 ஸ்பெஷல் தோட்டா அதே துப்பாக்கியில் போகும். உதைப்பு பாதிகூட இருக்காது. பயிற்சியின் பெரும்பகுதியை அதில் முடிக்கலாம்.

ஒற்றைச் செயல் ரிவால்வரா, இரட்டைச் செயல் ரிவால்வரா என்பது அவரவர் விருப்பம். முதல் வகையில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னிழுக்க வேண்டும். 1959இல் வந்த ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் அந்த வகை. இரண்டாவதில் விசையை இழுத்தாலே சுத்தியல் எழுந்து விழும். ஆனால் மானைச் சுடும்போது அதிலும் சுத்தியலைப் பின்னிழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும், அப்போதுதான் விசை இலகுவாக இருக்கும். பழைய துப்பாக்கி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 1973க்கு முந்தைய ரூகர் ஒற்றைச் செயல் ரிவால்வர்களில் சுத்தியல், தோட்டாவைத் தட்டும் ஊசியின் மேலேயே அமர்ந்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். சுத்தியலுக்குக் கீழுள்ள தோட்டா அறையைக் காலியாக வைத்து, ஐந்து தோட்டாக்களோடுதான் அதை எடுத்துப் போக வேண்டும்.

1967இல் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே தோட்டா கொள்ளும், மடித்துத் திறக்கும் துப்பாக்கி அது. குழலை மாற்றி மாற்றிப் பல காலிபர்களில் பயன்படுத்தலாம். ரைஃபிளுக்கு நெருங்கிய துல்லியம் உடையது. ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குறிகாட்டியைப் பூட்டி, தாங்கியில் வைத்துச் சுடுபவர்கள் 100 கஜத்துக்கு அப்பாலும் திறம்படச் சுடுகிறார்கள். அது வேறொரு கலை. நான் இங்கே பேசுவது ரிவால்வரைப் பற்றி.

குறிபார்க்க எதை வைப்பது என்பதில் என் கருத்து மாறியிருக்கிறது. இரும்புக் குறிதான் அழகு என்று முதலில் நினைத்தேன். ஒஹாயோவில் சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பு தொடங்கி, மறைந்து அரை மணி வரை சுடலாம். மான்கள் நடமாடுவதும் அந்த மங்கிய வெளிச்சத்தில்தான். அந்த வேளையில் கறுப்பு முன்குறியைப் பழுப்பு மானின் மேல் வைத்துப் பாருங்கள். குறியும் தெரியாது, விளிம்பும் தெரியாது. கண்ணாடியில் ஒளிரும் புள்ளி ஒன்றைக் காட்டும் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டி இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. கண் பார்க்க வேண்டியது ஒரே தளம். வயதான கண்களுக்குப் பெரிய உதவி. ஸ்கோப் என்றால் கைத்துப்பாக்கிக்கென்றே செய்த, கண்ணிலிருந்து கை நீளம் தள்ளி வைத்துப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும். ரைஃபிள் ஸ்கோப்பைப் பூட்டிக் கண்ணை அருகே கொண்டுபோனால், உதைப்பில் அது நெற்றியைப் பிளந்துவிடும்.

குண்டில் அதிகம் குழம்ப வேண்டாம். உறையிட்ட, முனை மென்மையான அல்லது முனையில் குழிவுள்ள 240 கிரெயின் குண்டு .44க்கு நல்ல தொடக்கம். கடினமாக வார்த்த, மூக்கு தட்டையான ஈயக் குண்டுகளும் ஆழமாகப் பாயும். முழுவதும் செம்பால் ஆன குண்டுகளும் கிடைக்கின்றன. இறைச்சியில் ஈயத்துகள் கலப்பதை விரும்பாதவர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். எதைத் தேர்ந்தாலும், எந்தத் தோட்டாவால் வேட்டையாடுவீர்களோ அதையேதான் கடைசி மாதப் பயிற்சியில் சுட வேண்டும்.

கைப்பழக்கம்

பயிற்சிதான் இந்த வேட்டையின் முக்கால் பங்கு. அதிலும் முதலில் வருவது கைத்துப்பாக்கிக்கே உரிய ஆபத்து. ரைஃபிளின் வாயைத் தவறான பக்கம் திருப்ப வேண்டுமானால் உடம்பையே திருப்ப வேண்டும். கைத்துப்பாக்கிக்கு மணிக்கட்டு அசைந்தால் போதும். அது உங்கள் முழங்காலையோ பக்கத்தில் நிற்பவரையோ பார்த்துவிடும். உறையிலிருந்து எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும் வாய் எங்கே பார்க்கிறது என்பது மூச்சுவிடுவது போல இயல்பாக மனத்தில் ஓட வேண்டும். விரல் விசையின் பக்கம் போவது குறி இலக்கில் நின்ற பிறகுதான்.

ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை போன்ற ஓர் இடைவெளி உண்டு. சுடும்போது அதன் வழியே நெருப்பும் ஈயத்துகளும் பக்கவாட்டில் பீறிடும். அரைத் தானியங்கித் துப்பாக்கியைப் பிடித்துப் பழகியவர்கள் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிப்பார்கள். அதே பிடி ரிவால்வரில் விரலைக் காயப்படுத்தும். பெரிய தோட்டாக்களில் காயம் மிக மோசமாக இருக்கும். உருளைக்கு முன்னால் எந்த விரலும் போகக் கூடாது.

அடுத்தது காது. மேக்னம் ரிவால்வரின் வெடியோசை 160 டெசிபெலைத் தாண்டும். 140 டெசிபெலிலேயே ஒரே வெடியில் செவி நிரந்தரமாகக் கெடலாம். சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பான், அதன்மேல் காதுறை, இரண்டும் வேண்டும். காட்டில், சிறு ஒலிகளைக் கேட்க விட்டுப் பெரிய ஓசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுறை உதவும். இலை சரசரப்பைக் கேட்க வேண்டும் என்பதற்காகக் காதை மூடாமல் உட்காரும் பழைய வேட்டைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று அவர்களில் பலருக்கு இலை சரசரப்பும் கேட்பதில்லை, பேரப்பிள்ளைகளின் பேச்சும் கேட்பதில்லை.

அதன் பிறகுதான் துல்லியம். அதற்குப் பெரிய பகை சுடுபவரின் பயம். உதைப்பையும் ஓசையையும் எதிர்பார்த்து, விசை விழுவதற்கு ஒரு கணம் முன்பே கை தானாக இறுகித் துப்பாக்கியைக் கீழே தள்ளும். தள்ளுகிறோம் என்பதே நமக்குத் தெரியாது. துப்பாக்கி வெடித்து மேலே எழும்பும் குலுக்கலில் அது மறைந்துவிடும். எனக்கு இதைக் காட்டித் தந்தவர் வயதில் மூத்த நண்பர் ஒருவர். ரிவால்வரை என் கண்ணில் படாமல் அவரே நிரப்பிக் கையில் கொடுத்தார். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது அறை காலி. சுத்தியல் வெறுமனே தட்டியது. வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் வாய் என் கையில் இரண்டு விரற்கடை கீழே சரிந்து நின்றது. ஒரு வருடமாகத் துப்பாக்கியையும் தோட்டாவையும் மாற்றி மாற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தவன், அன்று மாலை முழுவதும் பேசாமல் சுட்டேன்.

இன்றும் நான் செய்யும் பயிற்சி அதுதான். ஆறு அறைகளில் மூன்றில் மட்டும் தோட்டா போட்டு, உருளையைச் சுற்றிவிட்டு, எது வெடிக்கும் என்று தெரியாமல் சுடுவது. காலி அறையில் குறி அசையாமல் நிற்கும்வரை அன்றைய பயிற்சி முடியாது. வீட்டில், தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கி காலிதானா என்று இருமுறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான சுவரை நோக்கி விசையை இழுத்துப் பழகலாம். செலவே இல்லாத பயிற்சி. ஒரு .22 ரிவால்வரும் இருந்தால் இன்னும் நல்லது. மேக்னம் தோட்டாக்களை ஒரே நாளில் நிறையச் சுடாதீர்கள். பதினைந்து, இருபதுக்கு மேல் போனால் கை களைத்துப் பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும்.

எத்தனை கஜத்துக்குள் நான் சுடலாம் என்று தொடக்கத்தில் கேட்டோமே, இப்போது அந்த எண்ணைக் கண்டுபிடிக்கலாம். ஆறு அங்குல விட்டமுள்ள காகிதத் தட்டுகள் மளிகைக் கடையில் கட்டாகக் கிடைக்கும். மானின் உயிர்நிலை எட்டு அங்குலம் என்றால் தட்டு ஏன் ஆறு? காட்டில் இதயம் படபடக்கும், கை குளிரில் விறைக்கும். அந்த இரண்டு அங்குலம் அதற்காக. தட்டை 15 கஜத்தில் மாட்டுங்கள். காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே, முழங்காலில் கையை ஊன்றியோ சுடுகோல் என்னும் இருகால் தாங்கியில் வைத்தோ, ஐந்து தோட்டாக்களை நிதானமாகச் சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழுந்தால் ஐந்து கஜம் பின்னால் போங்கள். ஏதாவது ஒன்று வெளியே போகும் தூரம் வரும். அதற்கு முந்தைய தூரம்தான் உங்கள் தூரம். ஐந்தில் நான்கு விழுந்தது என்று சமாதானம் சொல்லக் கூடாது. வெளியே போன அந்த ஒன்று, காட்டில் ஒரு மானின் குடலைத் துளைத்த குண்டு. புதியவர்களுக்கு அந்த எண் 25 கஜமாகவோ 30 கஜமாகவோ அமையலாம். அதில் குறை ஒன்றும் இல்லை. காட்டில் 30 கஜத்துக்குள் வரும் மான்கள் ஏராளம். வில்வேட்டைக்காரர்கள் அந்தத் தூரத்தை நம்பித்தான் வாழ்கிறார்கள்.

துப்பாக்கியின் எல்லையும் வெகுதொலைவில் இல்லை. 50 கஜத்தில் சரியாக விழும்படி குறியைத் திருத்திய .44 மேக்னம், 100 கஜத்தில் சுமார் அரை அடி கீழே விழும். ஆகவே திறமைசாலிகளும் அதற்கு அப்பால் யோசிப்பதில்லை.

காட்டில்

வேட்டை உரிமத்துக்கு முன்னால் வேட்டைக் கல்வி வகுப்பு முடித்திருக்க வேண்டும். 1949இல் நியூயார்க் இதைக் கட்டாயமாக்கியது. இன்று பெரும்பாலும் எல்லா இடத்திலும் இருக்கிறது. பழகிய ஒருவரோடு மட்டும் போகும் தற்காலிகப் பயிலுநர் உரிமமும் ஒஹாயோவில் உண்டு. தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். தென்கிழக்கில் உள்ள வேய்ன் தேசியக் காடு போன்ற பொது நிலங்களும் இருக்கின்றன. மானுக்கான துப்பாக்கி வாரம் நன்றி கூறும் திருநாளை அடுத்த திங்கட்கிழமை தொடங்கும். அந்த நாட்களில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம். மான்களின் கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிரித்தறியத் தெரியாது. மனிதர்களின் கண்ணுக்குத் தெரியும். நீல நிறத்தை மட்டும் தவிருங்கள், அதை மான் நன்றாகவே பார்க்கும்.

உங்கள் எண் 30 என்றால், உட்காரும் இடத்தை 30 கஜத்தை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரந்த வயலின் ஓரம் ரைஃபிள்காரருக்கு ஏற்றது. நமக்கு வேண்டியது நெருக்கமான காட்டில் மான்தடங்கள் இரண்டு கூடும் இடம், ஓக் மரக் கொட்டைகள் உதிர்ந்து கிடக்கும் மேடு, ஓடையை மான்கள் கடக்கும் துறை. பகலில் போய்ப் பாருங்கள். குளம்புத் தடம், புழுக்கை, ஆண்மான்கள் கொம்பை உரசித் தோல் உரித்த இளமரங்கள், இவை வழி சொல்லும். உட்காரும் இடத்திலிருந்து உங்கள் தூரத்தை அளந்து, அந்த எல்லையில் உள்ள மரங்களையும் கற்களையும் நினைவில் குறித்துக்கொள்ளுங்கள். மான் வந்து நிற்கும்போது கஜம் கணக்குப் போடும் நிலையில் மனம் இருக்காது. அந்தக் கல்லுக்கு இப்பால் நின்றால் சுடலாம், அப்பால் நின்றால் பார்த்து மகிழலாம்.

காற்று எப்போதும் மான் வரும் திசையிலிருந்து உங்கள் முகத்துக்கு வர வேண்டும். உடைமறைப்பும் அசையாமையும் காற்றுக்குப் பிறகுதான். முப்பது கஜத்தில் மானின் மூக்கை ஏமாற்ற வழி எதுவும் இல்லை.

பரண் மீது உட்காருவதானால் உடம்பைக் கட்டும் பாதுகாப்புவார் ஏறும் முதல் படியிலிருந்தே பூட்டியிருக்க வேண்டும். துப்பாக்கியின் தோட்டாக்களை நீக்கி, பைக்குள் வைத்துக் கயிற்றில் மேலே இழுத்துக்கொள்ளுங்கள். இடுப்பு உறை தடித்த குளிர்ச்சட்டைக்கு அடியில் சிக்கும், அதனால் மார்பில் கட்டும் உறை இந்த வேட்டைக்கு ஏற்றது. பரணின் முன்கம்பியில் ஒரு சிறு மணல்பையைக் கட்டி அதன்மேல் கைகளை ஊன்றினால் மிகச் சிறந்த தாங்கி. குழலையே கம்பியில் வைத்துச் சுட்டால் துப்பாக்கி எகிறி, குண்டு மேலே போகும். உருளையின் இடைவெளிக்குப் பக்கத்தில் துணியோ கயிறோ சட்டைக் கையோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மான் வந்துவிட்டது, தூரத்துக்குள் நிற்கிறது என்றாலும் நிற்கும் கோணம் சரியாக இருக்க வேண்டும். உங்களுக்கு முழுப் பக்கவாட்டில் நின்றாலோ, சற்றே விலகிப் பார்த்து நின்றாலோ மட்டும் சுடுங்கள். முன்காலின் பின்புறம், உடம்பின் உயரத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு. விலகி நிற்கும் மானுக்கு, குண்டு மறுபக்கத்து முன்காலை நோக்கிப் போகும்படி சற்றுப் பின்னால் குறி வைக்க வேண்டும். உங்களை நேருக்கு நேர் பார்த்து நின்றால் வேண்டாம். தலையும் கழுத்தும் வேண்டாம். நடந்துகொண்டிருந்தால் வேண்டாம். மானுக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல் வானம்தான் தெரிகிறது என்றாலும் வேண்டாம். ரிவால்வர் குண்டு மான் உடம்பை ஊடுருவி வெளியே போகக்கூடியது.

மூன்றாண்டுகளுக்கு முன் டிசம்பரில், எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண்மான் ஒன்று என் எல்லைக்கல்லுக்கு இருபது கஜம் அப்பால் வந்து பதினைந்து நிமிடம் மேய்ந்தது. அப்போது என் எண் 45. குறிகாட்டியின் சிவப்புப் புள்ளி அதன் தோளில் நின்றது, விழுந்தது, நின்றது. ரிவால்வரை மடியில் இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மிரண்டு வால் வெள்ளையைக் காட்டாமல் மெதுவாக நடந்து பள்ளத்தில் இறங்கியது. அந்த ஆண்டு வேறு மான் எனக்குக் கிடைக்கவில்லை.

சுட்ட பிறகு எழுந்து ஓடாதீர்கள். மான் கடைசியாக மறைந்த மரத்தை நினைவில் வையுங்கள். நுரையீரலில் பட்ட மானும் 50 கஜம், 100 கஜம் ஓடிவிட்டு விழுவது இயல்பு. அரை மணி காத்திருங்கள். பிறகு அது நின்ற இடத்துக்குப் போய் இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரைத்திருந்தால் நுரையீரல். மான் அருகில்தான் கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் கல்லீரல். மூன்று நான்கு மணி நேரம் பின்வாங்கிக் காத்திருக்க வேண்டும். பச்சையும் துர்நாற்றமும் கலந்திருந்தால் குடல். எட்டு, பத்து மணி நேரம்கூடப் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டுத் தொடர்ந்தால் படுத்த மான் எழுந்து ஓடும், பிறகு கிடைக்காது. கைத்துப்பாக்கிக் குண்டின் இரத்தத் தடம் சில நேரம் மெலிதாக இருக்கும். கடைசியாகக் கண்ட துளியில் ஆரஞ்சு நாடா கட்டிவிட்டு, குனிந்து, ஒவ்வொரு இலையாகத் தேட வேண்டும். அதைத் தேடி முடிக்காமல் இன்னொரு மானைச் சுட எனக்கு மனம் வராது.

விழுந்த மானை நெருங்கும்போது முதுகுப் பக்கமாகப் போய், ஒரு நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். அசைவு இல்லை என்றால் துப்பாக்கியைக் காலி செய்து உறையில் வைக்கலாம். உடனே அனுமதிச் சீட்டை நிரப்பிக் கட்டி, துறைக்குப் பதிவு செய்ய வேண்டும். குடலை அகற்றி உடலைச் சீக்கிரம் குளிரவைப்பது இறைச்சிக்கு நல்லது. காயத்தைச் சுற்றியுள்ள சதையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். 1967இல் கொலராடோவில் முதலில் கண்டறியப்பட்ட, மான்களின் மூளையைச் சிதைக்கும் உருக்கு நோய் இப்போது பல மாநிலங்களில் இருக்கிறது. அது இருக்கும் பகுதியில் சுட்ட மான் என்றால் பரிசோதனைக்கு மாதிரி கொடுத்து, முடிவு வந்த பிறகு சமையுங்கள். குழம்போ வறுவலோ, மான்கறிக்குக் கொழுப்பு குறைவு என்பதால் எண்ணெய் சற்றுத் தாராளமாக வேண்டும்.

என் குறிப்பேட்டில் ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தட்டுச் சோதனையின் எண்ணை எழுதி வைக்கிறேன். 25, 35, 45, 45, 40, 55. நடுவில் இறங்கிய 40, தோள் வலியால் பயிற்சி குறைந்த ஆண்டு; அந்தக் குளிர்காலம் 40க்கு அப்பால் நின்ற எதையும் சுடவில்லை. இந்த முறையும் வேட்டைக்காலம் முடிந்து, ஜனவரிப் பனி சற்று விலகியதும் புதுத் தட்டு ஒன்றை 15 கஜத்தில் மாட்டி முதலிலிருந்து தொடங்குவேன்.